"பெற்றோல் மிச்சம் பிடிச்சுத் தாறம்" என்று சொல்லும் கராஜ்களிடம் கவனம்

யாழ்ப்பாணத்தில் சில கராஜ்களில் இப்போது ‘பெற்றோல் சேமிப்பு சேர்விஸ்’ என்று ஒரு பக்கேஜ் ஓடுகிறது. காசு கட்டுமுன் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது ஜப்பான் வகன்ஆர், 660 சீசீ. ஊருக்குள் லீற்றருக்கு 17, 18 கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்தது, மெல்ல மெல்ல 13க்கு இறங்கிவிட்டது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி, கிழமைக்கு 20 லீற்றருக்காக வரிசையில் நின்ற ஆட்களுக்கு பெற்றோல் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராதுதானே, ஆகவே நகருக்குள் கொஞ்சம் பேர்போன ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன்.

பின்னேரம் போனால் கராஜ்காரருக்கு நல்ல சந்தோஷம். "தம்பி ஏறுங்கோ, ஓடிக் காட்டுறன்" என்று பண்ணைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். டாஷ்போர்டில் சராசரி 22 என்று நின்றது. "பாத்தீங்களோ?" என்றார். பில் 28,000 ரூபா சொச்சம்.

அந்த 22 எப்படி வந்தது என்றால், சராசரியைப் பூச்சியமாக்கி, ஏற்கெனவே சூடான எஞ்சினோடு, மேடு பள்ளம் சந்தி ஒன்றும் இல்லாத பண்ணைப் பாலத்தில் ஒரே வேகத்தில் ஓடினால் எந்த வாகனமும் அப்படித்தான் காட்டும். அடுத்த நாள் காலமை குளிர்ந்த எஞ்சினோடு ஆஸ்பத்திரி வீதி நெரிசலுக்குள் போனதும் அது பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அப்புறம்தான் பில்லை ஒழுங்காக வாசித்தேன். பிளக் 4. இந்த எஞ்சினில் சிலிண்டரே மூன்றுதான், பிளக்கும் மூன்றுதான்! பழைய பிளக்குகளைக் கேட்டால் "எறிஞ்சாச்சு தம்பி" என்கிறார்கள். ஒயில் 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறார்கள், அது தடித்த ஒயில். கையேட்டில் இருப்பது 0டபிள்யூ-20, மெல்லிய ஒயில். சொன்ன கிரேடை விட்டு வேறு ஒயில் விட்டால் 1 முதல் 2 சதவீதம் வரை எரிபொருள் கூடப் போகலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு, அதாவது சேமிப்பு சேர்விஸ் செய்து செலவைக் கூட்டித் தந்திருக்கிறார்கள். விலை கூடின ஒரு எயார் ஃபில்டரும் போட்டிருந்தார்கள், "இதாலதான் குடிச்சது" என்று. கார்புரேட்டர் காலத்து மொரிஸ் மைனருக்கு அது சரி. இப்போதைய இன்ஜெக்ஷன் வாகனங்களில் உள்ளே போகும் காற்றின் அளவுக்குத்தான் கம்பியூட்டர் பெற்றோல் விடும், அடைத்த ஃபில்டரால் இழுவை குறையுமே தவிர பெற்றோல் பெரிதாகக் கூடாது. எஞ்சினைக் குளிராக்கும் கூலன்ட் மாற்றியதற்கும் காசு எடுத்திருந்தார்கள், ஆனால் கூலன்ட் டாங்கில் இருந்தது நிறமே இல்லாத வெறும் தண்ணீர். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணியைக் கேத்திலில் கொதிக்கவைத்தாலே அடியில் வெள்ளையாகப் படியும், ரேடியேற்றருக்குள் என்ன செய்யும் என்று நீங்களே பாருங்கள்.

உண்மையான கோளாறு முன் இடது சில்லில் இருந்தது. ஓடிவிட்டு இறங்கிக் கை வைத்தால் மற்றச் சில்லுகள் இளஞ்சூடு, அது மட்டும் சுட்டது. சுன்னாகத்தில் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்ட, ஜாக் போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார், சில்லு அசையவில்லை. பிரேக் பாட்டை அழுத்தும் கலிப்பரின் பின் துருப்பிடித்து இறுகி, பிரேக் பாட் எந்நேரமும் டிஸ்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைக் கழற்றித் துப்புரவாக்கி, அதற்குரிய கிரீஸ் பூசிப் போட்டார். ரயர்களிலும் காற்று நல்லாக இறங்கிப்போய் இருந்தது, சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடித்தார். நாலு ரயரிலும் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் ஏறத்தாழ 0.2 சதவீதம்தான் இழப்பு, ஆனால் எட்டுப் பத்துக் குறைந்தால் அதுவும் சேரும். முதல் கராஜ் எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு கூட இவர் எடுக்கவில்லை. இப்போது திரும்ப 17 ஓடுகிறது.

இந்த 17 டாஷ்போர்ட் சொன்னதில்லை. ஒரே பம்பில் பெற்றோல் அடிக்கிற துப்பாக்கி தானாக நிற்கும்வரை அடித்து, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, டாங்க் முக்கால்வாசி முடிய மறுபடி அதே மாதிரி அடித்து, ஓடின தூரத்தை இரண்டாம் தரம் அடித்த லீற்றரால் பிரித்துப் பார்த்தது. எந்த கராஜ்காரர் மீற்றரைக் காட்டினாலும் இந்தக் கணக்கைத்தான் நம்புங்கள். வாகனத்தை விடும்போதே கழற்றுகிற பழைய சாமான் எல்லாம் எனக்கு வேண்டும், ஒயில் கானை என் முன்னால் உடையுங்கோ என்று சொல்லிவிடுங்கள்.

கராஜின் பெயரை இங்கே போடவில்லை. பில்லோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், 1977 என்ற இலக்கத்துக்கு அடித்தால் எடுப்பார்கள். இதே பக்கேஜில் நாலு பிளக்குக்குக் காசு கட்டின வேறு மூன்று சிலிண்டர்காரர் யாரும் இருந்தால் பில்லை எறியாமல் வைத்திருங்கோ.