நாலு சர்டிபிகேட், ஆறு கிரெடிட்: என்பிடெல்லோடு என் அனுபவம்

2025-ல் பி.இ. இசிஇ முடித்தேன். படிக்கும்போது, ஐஐடி மாதிரி நிறுவனங்கள் ஆன்லைனில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் நாலு கோர்ஸ் எழுதினேன், நாலும் பாஸ். ஆனால் நாலுக்கும் சேர்த்து வர வேண்டிய ஒன்பது கிரெடிட்டில் (டிகிரிக்குக் கணக்கில் வரும் பாட அலகு) மார்க் ஷீட்டில் ஏறியது ஆறுதான். மீதி மூன்று எங்கே போச்சு என்று ஜூனியர்கள் ஆள் மாற்றி ஆள் கேட்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் படித்தது கோயம்புத்தூர் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. உங்கள் காலேஜில் விதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

தொலைந்த மூன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2023 ஜனவரி, நாலாவது செமஸ்டர். ஐஐடி ரோபர் நடத்தும் ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்’, 12 வாரம். கிளாஸில் பாதிப் பேர் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன். 71 மார்க், சர்டிபிகேட்டில் ‘எலீட்’ என்ற பட்டம். சர்டிபிகேட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டிபார்ட்மென்ட் ஆபீஸுக்குப் போனால் முதல் கேள்வியே, “லெட்டர் குடுத்தியா தம்பி?” எந்த லெட்டர்? இந்தக் கோர்ஸை எந்த எலெக்டிவுக்கு (விருப்பப் பாடம்) பதிலாக எடுக்கிறேன் என்று எழுதி, சிலபஸை ஒட்டி, ஸ்பாக் சாரிடமும் (காலேஜில் என்பிடெல் பொறுப்பாளர்) ஹெச்ஓடியிடமும் (துறைத் தலைவர்) கையெழுத்து வாங்கி, பாடத்திட்டத்தை முடிவு செய்யும் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் ஒப்புதலோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டிய லெட்டர். அதுவும் கோர்ஸில் சேர்வதற்கு முன்னால். “முடிச்சிட்டு வந்தா ஒண்ணும் பண்ண முடியாது, ரெஸ்யூமில போட்டுக்கோ” என்றார் அங்கிருந்த அக்கா. மூன்று மாசம் புதன்கிழமை ராத்திரி 11.59-க்குள் அசைன்மென்ட் போட்டதெல்லாம் ரெஸ்யூமில் ஒரு வரி.

ஆன்லைன் கிரெடிட்டை ஏற்க யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2016-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. அப்போது 20 சதவீதம் வரை, 2021-ல் அது 40 ஆனது. இதைக் காட்டி வாதாடிப் பார்த்தேன். மேலே எவ்வளவு கதவு திறந்திருந்தாலும், எந்தப் பேப்பருக்கு எந்தக் கோர்ஸ் சமம் என்று முடிவு செய்வது நம் காலேஜ்தான். அங்கே லெட்டர் இல்லாமல் வேலை நடக்காது.

அடுத்த முறை உஷாராக லெட்டரோடு போய் வேறு குழியில் விழுந்தேன். ‘இன்ட்ரொடக்‌ஷன் டு மெஷின் லேர்னிங்’ என்ற ஒரே தலைப்பில் ஐஐடி மெட்ராஸுக்கும் ஒரு கோர்ஸ், ஐஐடி காரக்பூருக்கும் ஒரு கோர்ஸ். முதலாவது 12 வாரம், இரண்டாவது 8 வாரம். நான் சேர்ந்தது 8 வாரம். எங்கள் காலேஜ் கணக்கு 4 வாரத்துக்கு ஒரு கிரெடிட், 8-க்கு இரண்டு, 12-க்கு மூன்று. எலெக்டிவுக்கோ மூன்று வேண்டும். சர்டிபிகேட்டில் ‘2 அல்லது 3 கிரெடிட் பரிந்துரை’ என்று அச்சாகியிருக்கிறதே என்று அந்த ‘அல்லது’ மேல் விரலை வைத்துக் காட்டினேன். “அல்லதுன்னு இருந்தா நாங்க கம்மியானதைத்தான் எடுப்போம்.” பிறகு ஹெச்ஓடி மேடம்தான் வழி சொன்னார்: அடுத்த செமஸ்டரில் ‘பைத்தான் ஃபார் டேட்டா சயின்ஸ்’, 4 வாரம், ஒரு கிரெடிட், இரண்டையும் சேர்த்து ஒரு எலெக்டிவ். அதற்குத் தனியாக இன்னொரு லெட்டர், சொல்லவா வேண்டும்.

ஏழாவது செமஸ்டரில் எடுத்த ‘இன்ட்ரொடக்‌ஷன் டு ஐஓடி’ (இணையத்தோடு இணைந்த கருவிகளைப் பற்றிய பாடம்) மட்டும்தான் சத்தமில்லாமல் முடிந்தது. 12 வாரம், மூன்று கிரெடிட், முன்கூட்டியே கையெழுத்து. அதற்குப் பதிலான எலெக்டிவ் கிளாஸுக்குப் போக வேண்டியதில்லை என்பதால் அந்த செமஸ்டரில் வாரத்துக்கு மூன்று பீரியட் மிச்சமானது. பிளேஸ்மென்ட் இன்டர்வியூ, புராஜெக்ட் எல்லாம் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் அது பெரிய விஷயம். இந்த ஒரு காரணத்துக்காகவே என்பிடெல்லை யாருக்கும் சொல்வேன்.

படிப்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடியோ இலவசம், நான் எழுதியபோது பரீட்சைக்கு மட்டும் ஆயிரம் ரூபாய். 12 வாரக் கோர்ஸில் நல்ல எட்டு அசைன்மென்டை எடுத்துக்கொண்டு 25 மார்க், பரீட்சைக்கு 75. அசைன்மென்ட் விடை வாட்ஸ்அப்பில் சுற்றும், அதை நம்பினால் 25 கிடைக்கும், அவ்வளவுதான். பரீட்சை நேரில் போய் எழுதுவது. ஐஓடி பரீட்சைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி செஷன். ஊருக்கு வெளியே ஒரு சென்டர், வாட்சைக்கூட வெளியே வைக்கச் சொன்னார்கள். ஒரு ரஃப் ஷீட், கணக்கு வந்தால் திரையில் இருக்கும் கால்குலேட்டரை மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் முடி நரைத்த ஒரு பேராசிரியர், அவரும் பரீட்சை எழுத வந்தவர். எனக்கு முன்னால் எழுந்து போய்விட்டார்.

மார்க் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மெஷின் லேர்னிங்கில் எனக்கு 63. என்பிடெல் அதற்கு எலீட் என்று பட்டம் கொடுக்கிறது, 60 தாண்டினாலே எலீட்தான். அதே 63 காலேஜ் கணக்கில் பி பிளஸ், ஏழு பாயின்ட். என் ரூம்மேட் அதே எலெக்டிவைக் கிளாஸில் உட்கார்ந்து படித்து, இன்டர்னலில் நன்றாக வாங்கி ஏ பிளஸ் போட்டான், ஒன்பது பாயின்ட். சிஜிபிஏவை, அதாவது மொத்த கிரேடு சராசரியைக் காப்பாற்றுகிறவர்கள் இதை யோசித்துவிட்டுச் சேருங்கள். இன்னொருத்தன் கதை மோசம். அவனுக்கு 46. என்பிடெல்லில் 40 வாங்கினால் பாஸ், சர்டிபிகேட் வந்துவிட்டது. எங்கள் காலேஜில் பாஸ் மார்க் 50. சர்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்த எலெக்டிவைத் திரும்ப எழுதினான்.

கடைசி செமஸ்டரில் எடுக்கவே எடுக்காதீர்கள். ஜனவரியில் தொடங்கும் கோர்ஸுக்குப் பரீட்சை ஏப்ரல் கடைசியை ஒட்டி வரும், ரிசல்ட்டுக்கு அதற்குமேல் சில வாரம். எங்கள் பேட்சில் ஒரு பெண்ணுக்கு எல்லாப் பேப்பரும் முடிந்து, இந்த ஒன்றால் புரொவிஷனல் சர்டிபிகேட் தள்ளிப்போனது. கம்பெனியில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டியதாயிற்று.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை இது. முதல் மூன்று கோர்ஸுக்கும் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி இனிஷியலை முன்னால் போட்டு ஃபார்ம் நிரப்பினேன். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பின்னால் இருக்கிறது. கிரெடிட் வங்கிக் கணக்கு, அதாவது ஏபிசி ஐடி, டிஜிலாக்கர் வழியாக ஆதார் பெயரில் உருவானது. “இது நீதானா தம்பி?” என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலக கவுன்டரில் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். இருவரும் ஒருவரே என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மார்க் ஷீட்டில் ஏறியது. நாலாவது கோர்ஸுக்கு ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் போட்டேன். டிஜிலாக்கரைத் திறந்தால் இப்போதும் ஐஓடியின் மூன்று கிரெடிட் மட்டும் தெரிகிறது, மற்றவை வரவில்லை.