வேலையை விடுவதா, வேலை நேரத்தைக் குறைப்பதா?

வேலை அலுத்துப்போனவர்கள் பேசுவதைக் கவனித்தால் இரண்டு வழிகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஓய்வு வயதுவரை ஓட்டுவது. இன்னொன்று, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு எங்காவது போய் நிம்மதியாக இருப்பது. இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் பெரும்பாலானவர்களுக்கு ஏற்ற வழி. அதற்கும் கடுமையான குறைகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம். ஒவ்வொரு வழியிலும் நான் கேட்பது இவைதான்: தொடங்குவதற்கு முன் எவ்வளவு பணம் வேண்டும்? ஒத்துவராவிட்டால் திரும்பி வர முடியுமா? கைக்கு நேரம் எப்போது வந்து சேரும்? வீட்டில் யார் தலையில் சுமை ஏறும்?

முதலில் ஒரு கணக்கு

நியூயார்க்கின் நிதி மையமான வால் ஸ்ட்ரீட்டில் நிதி ஆய்வாளராக இருந்து, 1969-இல், 31 வயதிலேயே வேலையை விட்டவர் ஜோ டொமிங்கெஸ். அவர் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு எளிமையானது. வாரத்துக்கு 40 மணி நேர வேலைக்கு 100 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை முக்கியமில்லை, விகிதம்தான் முக்கியம். மணிக்கு இரண்டரை ரூபாய் வருகிறது. ஆனால் போகவர 10 மணி நேரம் ஆகிறது. கிளம்புவதற்கும், வந்தபின் களைப்பு நீங்கி மனிதராவதற்கும் இன்னொரு 5 மணி நேரம். பயணச் செலவு, வேலைக்கான உடை, சமைக்க நேரமில்லாமல் வெளியே வாங்கும் சாப்பாடு என்று 20 ரூபாய் அந்த வேலைக்காகவே போய்விடுகிறது. மிஞ்சுவது 55 மணி நேரத்துக்கு 80 ரூபாய், அதாவது மணிக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை.

இந்தக் கணக்கைத் தன் சொந்த எண்களோடு ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்குச் சம்பளச் சீட்டு பழையபடி தெரியாது. கீழே வரும் எந்த வழியையும் மொத்தச் சம்பளத்தை வைத்து ஒப்பிடக் கூடாது, இந்த உண்மையான மணிக்கூலியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இருந்த இடத்திலேயே எல்லை வகுப்பது

மாலை இத்தனை மணிக்கு மேல் போனை எடுப்பதில்லை, விடுமுறையில் மின்னஞ்சல் பார்ப்பதில்லை, பதவி உயர்வுக்கான ஓட்டத்தில் கலந்துகொள்வதில்லை. செலவே இல்லாத வழி இது, எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாறிக்கொள்ளலாம். அதனால் முதலில் முயன்று பார்க்க வேண்டியதும் இதுதான்.

ரொம்ப நீண்ட நேரம் உழைப்பவர்களுக்கு இது உயிர் காக்கும் விஷயமும்கூட. உலகச் சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 2016 என்ற ஒரே ஆண்டில் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இறப்புகள் சுமார் 7,45,000. இதைப் படித்த பிறகும் "எல்லோரும்தானே செய்கிறார்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்த எல்லை மேலதிகாரியின் தயவில்தான் நிற்கிறது. பிரான்ஸில் 2017 முதல், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' பற்றித் தொழிலாளர் தரப்போடு பேச வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024-இல் இதுபோன்ற சட்டம் வந்தது. இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் மேலாளர் மாறினால் எல்லையும் மாறிவிடும். அதோடு, சம்பளம் முழுதாக வந்துகொண்டிருக்கும்வரை செலவும் பழைய அளவிலேயே இருக்கும். எளிய வாழ்க்கை இந்த வழியில் தானாக வராது, உடம்புக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

நேரத்தைக் குறைப்பது

இங்கே ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் உலவுகின்றன. சம்பளம் குறையாமல் நேரம் குறைவது முதல் வகை. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்தை 35 அல்லது 36 ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் வேலையின் அளவு அப்படியே இருந்தது, சில இடங்களில் கூடியது. பிரிட்டனில் 2022-இல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் நடத்திய சோதனையில் சுமார் 2,900 பேர் பங்கேற்றார்கள். சோதனை முடிந்ததும் 56 நிறுவனங்கள் அதைத் தொடர்ந்தன. கிடைத்தால் இதைவிட நல்லது இல்லை. ஆனால் இது நிறுவனம் எடுக்கும் முடிவு, தனி ஆள் நினைத்து எடுக்க முடியாது.

இரண்டாவது, ஐந்து நாள் வேலையை நான்கு நாளில் அடைப்பது. பெல்ஜியத்தில் 2022-இல் வந்த ஏற்பாடு இப்படித்தான். ஒரு நாள் மிச்சமாகிறது, அலைச்சலும் குறைகிறது. ஆனால் மொத்த மணி நேரம் அதே. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த நான்கு நாள் மாலைகள் என்னவாகும் என்று யோசித்தால் இதை எளிமை என்று சொல்லத் தயங்குகிறேன்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது: 80 சதவீத நேரம், 80 சதவீத சம்பளம். முன்பணம் பெரிதாகத் தேவையில்லை. நேரம் அடுத்த மாதமே கைக்கு வருகிறது, பதினைந்து ஆண்டுக்குப் பிறகு அல்ல. வருமானம் கூடக்கூட வரி விகிதமும் கூடும் நாடுகளில் கைக்கு வரும் தொகை 20 சதவீதத்துக்கும் குறைவாகவே குறையும். வேலைக்காகவே ஆகும் செலவும் ஒரு நாளுக்குக் குறையும். நெதர்லாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வேலை நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கும் உரிமையைத் தந்தது. அங்கே பகுதி நேர வேலை ஒதுக்குப்புறமான விஷயமே இல்லை.

இதில் பெரிய ஆபத்து, 80 சதவீத சம்பளத்துக்கு 100 சதவீத வேலையைச் செய்வது. நேரம் குறையும், பொறுப்புப் பட்டியல் குறையாது. அதனால் 'ஒரு நாள் வேண்டாம்' என்று மட்டும் போய்க் கேட்காமல், எந்தெந்த வேலை இனி என்னுடையது அல்ல என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஓய்வூதியப் பங்களிப்பு குறையும் என்பதும், பதவி உயர்வில் பின்தங்க நேரலாம் என்பதும் உண்மை. அதைத் தெரிந்தே ஏற்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து நமக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு, காலை உணவுக்கான தானியப் பொருள்களைத் தயாரிக்கும் கெலாக் ஆலையின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1930 டிசம்பரில், பொருளாதார மந்தத்தின் நடுவே, அமெரிக்காவின் பேட்டில் க்ரீக் ஆலையில் எட்டு மணி நேர ஷிப்ட் மூன்றை ஆறு மணி நேர ஷிப்ட் நான்காக மாற்றினார்கள். மணிக்கூலியை 12.5 சதவீதம் உயர்த்தினார்கள். வேலையில்லாதவர்களுக்கு இடம் கிடைத்தது, உள்ளே இருந்தவர்களுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொரு பிரிவாகத் தொழிலாளர்களே எட்டு மணி நேரத்துக்குத் திரும்பினார்கள். நிர்வாகத்தின் விருப்பம் மாறியது ஒரு காரணம், கூடுதல் பணத்தால் வாங்கக்கூடிய பொருள்கள் பெருகியது இன்னொரு காரணம். கடைசிவரை ஆறு மணி நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1985-இல் அதுவும் முடிந்தது. கைக்கு வந்த நேரத்தை, தாங்களே வாக்களித்து, பெரும்பாலோர் விற்றுவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு வலிக்கும் இடம்.

சேர்த்துவிட்டுச் சீக்கிரம் வெளியேறுவது

ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்துவிட்டால் அப்புறம் வேலைக்குப் போக வேண்டாம் என்பது இந்த வழியின் சூத்திரம். இதன் வேர், அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் செய்த ஆய்வு. சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம், அதாவது 25-இல் ஒரு பங்கு, எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டுக்குத் தாங்கும் என்று கண்டார். 1926 முதலான அமெரிக்கச் சந்தை விவரங்களை வைத்துச் செய்த கணக்கு அது. நாற்பது வயதில் வெளியேறுபவருக்கு 50 ஆண்டுக்குப் பணம் வேண்டும். அவர் அமெரிக்காவிலும் இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் மறந்துவிட்டு 25 என்ற எண்ணை வேதமாகப் பிடித்துக்கொள்வது சரியில்லை.

ஆனால் கணக்கின் உள்ளே ஒரு அழகு இருக்கிறது. முதலீடு விலைவாசி உயர்வுக்கு மேல் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், வருமானத்தில் 10 சதவீதம் சேமிப்பவருக்கு இலக்கை எட்ட 51 ஆண்டு. 25 சதவீதம் சேமித்தால் 32, பாதியைச் சேமித்தால் 17. செலவைக் குறைப்பது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: சேமிப்பு கூடுகிறது, எட்ட வேண்டிய தொகையும் சுருங்குகிறது.

சிக்கல் எங்கே என்றால், அந்த 17 ஆண்டும் ஓட்டம்தான். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் காலம், பெற்றோர் நடமாடும் காலம், உடம்பு சொன்னபடி கேட்கும் காலம் எல்லாம் அதற்குள்தான் வருகிறது. ஓட்டத்திலிருந்து விடுபட அதைவிட வேகமாக ஓடுவது ஏன் என்று நான் கேட்பேன்.

இதே ஆளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பாதியைச் சேமிக்கும் பழக்கம் உள்ளவர் சுமார் 10 ஆண்டில் பாதி இலக்கை எட்டிவிடுவார். அதன்பின் அந்தப் பணத்தைத் தொடாமல் விட்டால், அதே 5 சதவீத வளர்ச்சியில், சுமார் 14 ஆண்டில் தானே இரட்டிப்பாகும். இடைப்பட்ட காலத்தில் அவர் அன்றாடச் செலவுக்கு மட்டும் சம்பாதித்தால் போதும், அதாவது பழைய சம்பளத்தில் பாதி, பாதி நேர வேலை. 17 ஆண்டு முழு ஓட்டம் ஒரு பக்கம், 10 ஆண்டு ஓட்டமும் 14 ஆண்டு பாதி வேலையும் மறுபக்கம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன்.

நிலத்தோடு வாழப் போவது

மனதை அதிகம் இழுப்பது இந்த வழிதான். இதை உண்மையாகவே வாழ்ந்து காட்டியவர்கள் ஸ்காட் நியரிங், ஹெலன் நியரிங் தம்பதி. 1932-இல் நியூயார்க்கை விட்டு வெர்மான்ட் மலைப்பகுதிக்குப் போனார்கள். உணவுக்கும் வீட்டுக்குமான உழைப்பை ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குள் வைக்கப் பார்த்தார்கள், மீதியைப் படிப்புக்கும் இசைக்கும் மற்றவர்களோடு பழகுவதற்கும் விட்டார்கள். கல்லால் வீடு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

அவர்களிடமும் ரொக்கத் தேவை இருந்தது என்பதைப் போற்றுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேப்பிள் மரப்பாகு காய்ச்சி விற்றுத்தான் அதைச் சமாளித்தார்கள். அந்த வீட்டில் வளர்க்கக் குழந்தைகளும் இல்லை. மருத்துவம், பள்ளி, வரி, கருவிகள் எல்லாம் பணத்தைத்தான் கேட்கும், விளைச்சலை வாங்கிக்கொள்ளாது. நிலத்துக்கு முன்பணம் வேண்டும், விட்டுவந்த வேலை சில ஆண்டில் நம்மை மறந்துவிடும். திரும்பி வரும் பாதை இந்த வழியில்தான் மிகக் குறுகலானது.

கேட்கப்படாத கேள்வி ஒன்றும் உண்டு. எளிய வாழ்க்கை என்பது காசு கொடுத்து வாங்கியதைக் கையால் செய்துகொள்வது. அந்தக் கை யாருடையது? உலக அளவில் சம்பளமில்லாத பராமரிப்பு வேலையின் மொத்த நேரத்தில் 76.2 சதவீதம் பெண்கள் மேல் விழுகிறது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. ஒருவர் எளிமையைத் தேர்ந்தெடுக்க, இன்னொருவர் விறகும் துணியும் சமையலுமாகக் கழிப்பது எளிமை ஆகாது. எந்த வழியானாலும் யார் எதைச் செய்வது என்று முன்பே பேசாமல் இறங்கவே கூடாது. நிலத்துக்குப் போகிறவர்கள் இரண்டு மடங்கு பேச வேண்டும்.

மற்றவை

நீண்ட விடுப்பு எடுத்துத் திரும்புவது களைப்புக்கு மருந்து, வாழ்க்கை முறைக்கு அல்ல. திரும்பி வரும்போது அதே நாற்காலிதான் இருக்கும். ஃப்ரீலான்ஸ் வேலையில் சுதந்திரம் உண்டு, ஆனால் அடுத்த வேலை வருமா என்ற பயத்தில் வந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு முன்பைவிட அதிகம் உழைப்பவர்கள் ஏராளம். ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வரும் கூலி வாய்க்கும் வயிற்றுக்குமே போதாதவர்களுக்கு இந்த வழிகள் எதுவும் திறந்தில்லை. அவர்களுக்கு நேரம் கிடைத்ததெல்லாம் சட்டத்தால்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே, 1919-இல், தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைப் பற்றியதுதான். நம்மில் வசதி உள்ளவர்கள் எளிமையைத் தேடும்போது இந்தக் கோரிக்கையின் பக்கம் நிற்பதும் நம் கடமை என்று நம்புகிறேன்.

சரி, முடிவெடுக்க முடியவில்லை என்றால்? வேலையில் இருந்துகொண்டே ஆறு மாதம் 80 சதவீத சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள். மீதியை வேறு கணக்கில் போட்டுத் தொடாமல் வையுங்கள். முடிந்தால் நேரத்தைக் குறைக்கும் வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. சீக்கிரம் வெளியேறவோ நிலத்துக்குப் போகவோ நினைப்பவர்களுக்கும் அந்தப் பணம் முதல் தவணை. முடியவில்லை என்றால் எந்தச் செலவு தடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அது சின்னச் சின்ன ஆசைகளாக இருக்காது, வீட்டு வாடகையாகவோ கடன் தவணையாகவோதான் இருக்கும். அப்படியானால் மேலாளரிடம் பேசுவதற்கு முன் செய்ய வேண்டியது, சின்ன வீட்டுக்கு மாறுவதும் கடனை அடைப்பதும்.