சிவிலைசேஷன் 7: மூன்று துண்டாக வெட்டப்பட்ட வரலாறு

வடிவமைப்பாளர் சிட் மெய்யரின் பெயரைத் தாங்கிவரும் சிவிலைசேஷன், ஒரு நாகரிகத்தை நகர்வு நகர்வாக வளர்த்தெடுக்கும் கணினி விளையாட்டுத் தொடர். அதன் ஏழாவது விளையாட்டை ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்க, 2கே நிறுவனம் 2025 பிப்ரவரி 11 அன்று வெளியிட்டது. வெளியான வாரத்திலேயே அதைப் பற்றி ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு தீர்ப்புகள் வந்து சேர்ந்தன. தொழில்முறை விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு எண்பதை ஒட்டி நின்றது. ஆனால் அந்தச் சராசரிக்குள்ளேயே பிளவு இருந்தது: ஐஜிஎன் பத்துக்கு ஏழு கொடுத்தது, யூரோகேமர் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்களோடு நிறுத்திக்கொண்டது. கூடுதல் விலை கொடுத்து ஐந்து நாள் முன்னதாகவே ஆடத் தொடங்கியவர்களோ கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறைக் கருத்துகளைக் குவித்தார்கள். பிறகு அந்த மதிப்பீடு 'கலவையானது' என்ற நிலைக்கு ஏறியது என்றாலும், பழைய ஐந்தாவது, ஆறாவது பகுதிகளை ஸ்டீமில் ஆடுபவர்களின் எண்ணிக்கை பல மாதங்களுக்குப் புதியதை ஆடுபவர்களின் எண்ணிக்கையைவிட அதிகமாகவே இருந்தது.

இந்தத் தொடரில் ஒவ்வொரு புதிய பகுதியும் வரும்போது பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பது வழக்கம்தான். 2010இல் ஐந்தாவது பகுதி சதுரக் கட்டங்களை அறுகோணமாக்கி, ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்று விதித்தபோதும் இதே கூச்சல் எழுந்தது. பின்னர் அதுவே தொடரின் இலக்கணமாகிவிட்டது. ஆகவே இதுவும் காலப்போக்கில் பழகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ஐந்தாவது பகுதி மாற்றியது படைகள் நகரும் முறையை. ஏழாவது பகுதி கைவைத்திருப்பது, இந்த விளையாட்டை மக்கள் எதற்காக ஆடுகிறார்களோ அந்தக் காரணத்தின்மீது.

முந்தைய பகுதிகளில் ஒரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுத்தால் கற்காலத்திலிருந்து விண்வெளிக் காலம் வரை அதனோடுதான் பயணம். இப்போது ஆட்டம் தொல்பழங்காலம், கடலோடிகளின் காலம், நவீனகாலம் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வெளியான வடிவில், ஒவ்வொரு காலத்தின் முடிவிலும் எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் தங்கள் நாகரிகத்தைக் கைவிட்டு இன்னொன்றுக்கு மாற வேண்டும். தலைவர் மட்டும் கடைசி வரை மாறுவதில்லை; அவருக்கும் அவர் ஆளும் நாகரிகத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எகிப்தை ஆளலாம். மூன்று குதிரை வளங்களைச் சேர்த்துவிட்டால் அந்த எகிப்து அடுத்த காலத்தில் மங்கோலியாவாகலாம். 2021இல் ஆம்ப்ளிட்யூட் நிறுவனம் வெளியிட்ட ஹ்யூமன்கைண்ட் விளையாட்டும் இதேபோன்ற மாற்றத்தை முயன்று, இதேபோன்ற கலவையான வரவேற்பைத்தான் பெற்றது என்பதை ஃபிராக்ஸிஸ் அறியாமல் இருந்திருக்க முடியாது.

அவர்கள் சொல்லும் நியாயம் புரிந்துகொள்ளக்கூடியதே. தொடங்கிய ஆட்டங்களைப் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பது இந்தத் தொடரின் பழைய நோய். முதல் நூறு நகர்வுகளுக்குள் முந்திக்கொண்டவர் பிறகு நிற்காமல் முந்திக்கொண்டே போவார்; பாதியிலேயே வெற்றி உறுதியாகிவிடும்; மீதி நேரம் முழுவதும் நாற்பது படைகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் குமாஸ்தா வேலைதான். காலம் மாறும்போது எல்லோரையும் ஓரளவு சமநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினால் அந்தச் சலிப்பு குறையும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை மிக அதிகம்.

அந்த விலை எப்படிப்பட்டது என்பதை ஒரு முற்றுகையை வைத்துப் பார்க்கலாம். அண்டை நாட்டின் தலைநகரைச் சுற்றிக் கவண்பொறிகளை நிறுத்தியிருக்கிறீர்கள். மதிலின் பெரும்பகுதி சரிந்துவிட்டது. இன்னும் ஓரிரு நகர்வில் நகரம் உங்கள் கையில். அந்த நேரத்தில் காலத்தின் முன்னேற்றத்தைக் காட்டும் அளவுகோல் நூறு விழுக்காட்டைத் தொடுகிறது. திரை மாறுகிறது. மீண்டும் வரைபடம் விரியும்போது போர் முடிந்திருக்கிறது. யார் வென்றார், என்ன உடன்படிக்கை என்பதற்குச் சுவடே இல்லை. கவண்பொறிகள் இருந்த இடத்தில் இல்லை. படைத்தலைவர்களின் கீழ் அடங்கிய படைகளும் அவற்றுக்கு மேல் சிலவும் மட்டும் புதிய காலத்து வடிவத்தில் உங்கள் ஊர்களுக்குள் நிற்கின்றன. மற்றவை காணாமல் போய்விட்டன. தலைநகரைத் தவிர்த்து நீங்கள் வளர்த்தெடுத்த நகரங்களெல்லாம் சிற்றூர்களாகத் தாழ்த்தப்பட்டிருக்கின்றன. முந்தைய காலத்தில் பொருளாதாரத்துக்கென வகுத்த இலக்குகளின் பாதையை முழுமையாக முடித்திருந்தால் நகரங்களை அப்படியே வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு; அது இல்லாதவர்கள் மறுபடி பொன் கொடுத்து ஒவ்வொன்றாக நகரமாக்க வேண்டும்.

காலத்தின் இறுதியில் வரும் நெருக்கடி என்ற ஏற்பாடு இதை நியாயப்படுத்தும் என்று எதிர்பார்த்தேன். கொள்ளைநோய், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் என்று ஏதேனும் ஒன்று வந்து, பாதகமான சில கொள்கைகளை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அந்த நெருக்கடியில் தாக்குப்பிடித்து நின்றவருக்கும் சிதைந்துபோனவருக்கும் நேர்வது ஏறத்தாழ ஒன்றேதான்: காலம் முடியும், நாகரிகம் மாறும். பேரரசு விழுவதில் நாடகம் உண்டு. விழாத பேரரசையும் பெயர்மாற்றி அனுப்பிவைப்பதில் என்ன நாடகம்?

தமிழ் வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சோழர்கள் இந்த விளையாட்டில் தனி நாகரிகமாக, கூடுதல் கட்டணம் இல்லாமல், அடிப்படைப் பதிப்பிலேயே இடம்பெற்றிருக்கிறார்கள். கடலோடிகளின் காலத்துக்குரிய நாகரிகம். கடலும் வாணிகமுமே அவர்களின் வலிமை. அவர்களுக்கே உரிய கப்பலுக்குக் 'கலம்' என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலை உலக அதிசயமாகக் கட்டலாம். இவற்றையெல்லாம்விட என்னை வியக்கவைத்தது, அவர்களுக்கென வகுக்கப்பட்ட தனிக் குடியிருப்புப் பகுதி: 'அஞ்சுவண்ணம்', 'மணிக்கிராமம்' என்ற இரு கட்டடங்களை ஒரே கட்டத்தில் எழுப்பினால் அது ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் இருப்பிடமாகிறது. சோழர் என்றவுடன் யானையையும் வாளையும் வரைந்துவிட்டுப் போகாமல், கொல்லத்துச் செப்பேட்டிலும் தாய்லாந்தின் தகுவாபாக் கல்வெட்டிலும் பெயர் பதிந்திருக்கும் வணிகக் குழுக்களை யாரோ தேடிப் படித்து எடுத்து வந்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குத் தலைவணங்க வேண்டும்.

ஆனால் இவ்வளவு கவனத்தோடு உருவாக்கிய சோழர்களை அடைவதற்கு விளையாட்டு காட்டும் வரலாற்று வழி மௌரியர். சோழர்களிடமிருந்து அடுத்த காலத்துக்குச் செல்லும் வழி முகலாயர். அசோகரின் இரண்டாம், பதின்மூன்றாம் பெரும்பாறைக் கட்டளைகள் சோழரையும் பாண்டியரையும் தம் எல்லைக்கு வெளியே இருக்கும் அண்டை நாட்டாராகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அதாவது மௌரியர் காலத்திலேயே சோழர் இருந்தார்கள், அதுவும் மௌரியருக்கு அடங்காதவர்களாக. அப்படியிருக்க ஒருவர் மற்றவராக மாறினார் என்பது, துணைக்கண்டத்து நாகரிகங்களைக் காலவரிசையில் அடுக்கியவர் வரைபடத்தைப் பார்க்க மறந்ததன் விளைவு. இராசராசனோ இராசேந்திரனோ தலைவர் பட்டியலில் இல்லாததால், 1025இல் கடாரத்தின் மீது கடற்படை அனுப்பிய அரசை இங்கே அசோகரையோ நெப்போலியனையோ கொண்டுதான் நடத்த வேண்டியிருக்கிறது. இது வெறும் வரலாற்றுக் குறை அல்ல. விளையாட்டு மூன்று முறை தொடங்கி மூன்று முறை முடிகிறது என்ற உணர்வு ஆட்டத்துக்குள்ளும் இதே காரணத்தால்தான் எழுகிறது. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே ஒட்டுவது எதுவுமில்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் அநியாயம்: ஒரு காலத்துக்குள், நகர்வுக்கு நகர்வு ஆடும் ஆட்டம் இந்தத் தொடரிலேயே மிகச் சிறந்தது. படைத்தலைவர் என்ற ஒரே ஏற்பாடு பதினைந்தாண்டு காலப் பிணி ஒன்றைத் தீர்த்துவிட்டது. நான்கு படைகளை ஒரு தலைவரின் கீழ் மடித்து வைத்துக்கொண்டு ஒரே நகர்வில் மலைக்கணவாயைக் கடக்கலாம். எதிரி கண்ணில் பட்டதும் விரித்து நிறுத்தலாம். ஊரில் புதிதாக உருவான படைக்கு ஒரே ஓர் ஆணை கொடுத்தால் போதும், அது தலைவரை நோக்கிப் புறப்பட்டு வந்து சேரும். அனுபவமும் பதவி உயர்வும் படைகளுக்கு அல்லாமல் தலைவருக்கே சேர்வதால், காலம் மாறினாலும் கையில் எஞ்சும் மிகச் சில சொத்துகளில் அவரும் ஒருவர். அறுகோணக் கட்டங்களில் படைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் நெரிசலை முந்தைய இரண்டு பகுதிகளிலும் பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஊர் நிர்வாகமும் மெருகேறியிருக்கிறது. வேலையாட்களை ஓட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஊர் வளரும்போது எந்தக் கட்டத்தை வயலாக்குவது, எதைச் சுரங்கமாக்குவது என்று நாமே சொல்லிவிடலாம். எல்லா ஊரையும் நகரமாக்கும் தேவையும் இல்லை. சிற்றூர்கள் நகரங்களுக்கு உணவு அனுப்பிக்கொண்டு அப்படியே இருக்கலாம். கப்பல் செல்லக்கூடிய ஆறுகள் உள்நாட்டு ஊர்களையும் துறைமுகங்களாக்குகின்றன. அரசுறவில் பொன்னுக்குப் பொருள் பேரம் பேசும் பழைய சந்தை போய், 'செல்வாக்கு' என்ற தனி நாணயம் வந்திருக்கிறது. போர் மூண்டால் அந்தச் செல்வாக்கைச் செலவழித்து எதிரியின் மக்களிடையே போர்ச்சலிப்பை உண்டாக்கலாம். படைபலம் குறைந்தவருக்கு இது நல்ல ஆயுதம்.

அடுத்த சிக்கல், வெளியான வடிவில் ஒவ்வொரு காலத்துக்கும் வகுத்திருந்த நான்கு மரபுப் பாதைகள், அதாவது எட்ட வேண்டிய இலக்குகளின் பட்டியல்கள். தொல்பழங்காலத்தில் ஏழு அதிசயங்கள், பத்துச் சுவடிகள், இருபது வளங்கள். அடுத்த காலத்தில் புதையல் கப்பல்கள், திருச்சின்னங்கள் என்று பட்டியல் நீள்கிறது. முதல் ஆட்டத்தில் இவை வழிகாட்டியாக இருக்கின்றன, பழகியபின் வருகைப் பதிவேடாகிவிடுகின்றன. எல்லாவற்றிலும் மோசமானது சமயம். சமயப் பரப்பாளரை வாங்கி அனுப்பி ஒரு நகரத்தை மாற்றுவீர்கள். எதிரி தன் பரப்பாளரை அனுப்பி அதை மீண்டும் மாற்றுவார். தடுக்கவோ காக்கவோ வழியில்லாமல் இரண்டு தரப்பும் மாறி மாறி ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும். நவீனகாலத்திலோ பண்பாட்டு வெற்றி என்பது தொல்பொருள்களைத் தோண்டி எடுக்கும் ஓட்டப்பந்தயம். பதினைந்தைச் சேர்த்து உலகக் கண்காட்சி நடத்தினால் ஆட்டம் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு எல்லாம் நின்றுவிடுவதால், அணு உலைகளும் செயற்கைக்கோள்களும் நிறைந்த பழைய கடைசிக் கட்டத்தை எதிர்பார்த்தவர்களுக்கு வாசற்படியோடு திருப்பி அனுப்பப்பட்ட உணர்வே மிஞ்சும்.

வெளியீட்டு நாளில் இருந்த திரை அமைப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், எழுதியது நியாயமே. ஒரு நகரத்தின் உற்பத்தி எண் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஊர்களுக்கு விரும்பிய பெயர் வைக்க முடியவில்லை. வெற்றிக்குப் பிறகும் தொடர்ந்து ஆடும் 'இன்னும் ஒரு நகர்வு' பொத்தான்கூட இல்லை. இந்தத் தொடரின் புகழ்பெற்ற வாசகமே அதுதான் என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கண்டங்கள் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் நீள்சதுரமாக இருந்தன. எழுபது டாலர் அடிப்படை விலையும் நூற்று முப்பது டாலர் உயர்பதிப்பும் வைத்துவிட்டு, பிரிட்டன் போன்ற ஒரு நாகரிகத்தை அடுத்த மாதமே தனிக்கட்டணத் தொகுப்பில் விற்றது கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது. 2கேயின் தாய் நிறுவனமான டேக்-டூவின் தலைமை நிர்வாகியே திரை அமைப்பு பற்றிய குறைகளை ஒப்புக்கொண்டார்.

இந்தக் குறைகளில் பெரும்பாலானவை அடுத்தடுத்த புதுப்பிப்புகளில் சரிசெய்யப்பட்டன: பெயரிடும் வசதி, தொடர்ந்து ஆடும் பொத்தான், பெரிய வரைபடங்கள், காலம் மாறும்போது படைகளை இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும் தெரிவு எல்லாம் வந்துவிட்டன. இதனால்தான் விமர்சகர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை வெறும் அரைகுறை வெளியீட்டின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. கெடுவுக்குள் எழுத வேண்டிய விமர்சகருக்கு மூன்று காலங்களும் மூன்று புதுமைகள். ஒவ்வொன்றிலும் பாராட்ட ஏதேனும் அகப்படும். பல நூறு மணி நேரம் ஆடுபவருக்கோ, முதல் நாள் ஆற்றங்கரையில் ஊன்றிய ஊர் கடைசி நாள் வரை என்னவாயிற்று என்ற தொடர்ச்சியே சுவை. அது அறுந்துவிட்டால் பெயரிடும் பொத்தானைக் கொண்டு ஒட்டவைக்க முடியாது. ஒரே நாகரிகத்துடன் மூன்று காலங்களையும் கடக்கும் வழியைச் சோதித்துப் பார்ப்பதாக 2025 இறுதியில் ஃபிராக்ஸிஸே அறிவித்ததை, ஆட்டக்காரர்கள் சொன்னது சரி என்று ஏற்றுக்கொண்டதாகவே நான் வாசிக்கிறேன்.

இந்தத் தொடரையே தொடாதவர்கள் ஆறாவது பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. எல்லா இணைப்புத் தொகுப்புகளோடும் அது ஸ்டீம் தள்ளுபடி நாள்களில் மிக மலிவாகக் கிடைக்கிறது. போர்தான் முக்கியம் என்பவர்களும், ஒரே அமர்வில் ஒரு காலத்தை மட்டும் ஆடி முடிக்க விரும்புபவர்களும் ஏழாவதை வாங்கலாம், ஆனால் அடிப்படைப் பதிப்பை மட்டும், அதுவும் பாதி விலைக்கு இறங்கும்போது. சோழர்களுக்காக வாங்க நினைப்பவர்கள் 'மேம்பட்ட தொடக்கம்' முறையில் கடலோடிகளின் காலத்திலிருந்தே ஆடத் தொடங்கிவிடுங்கள். மௌரியர் வழியாகச் சுற்றிவரத் தேவையில்லை, ஐந்நூற்றுவரும் விரைவில் கிடைப்பார்கள்.