இரண்டரை வருடமாக நிரப்பி வடிக்கும் தொட்டியில் மிளகாய் வளர்த்த அனுபவம்

மண் இல்லாமல் உரத்தண்ணீரில் செடி வளர்க்கும் இந்த ஹைட்ரோபோனிக்ஸ் அமைப்பை வாங்கிய புதிதில் தண்ணீர் எவ்வளவு ஏற வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏற வேண்டும் என்பதிலேயே என் கவனம் இருந்தது. இப்போது யாராவது கேட்டால், தண்ணீர் எப்படி வடிகிறது என்று முதலில் பாருங்கள் என்பேன். இந்த முறையில் செடி நன்றாக இருப்பதும் கெட்டுப் போவதும் அந்த வடிதலில்தான் இருக்கிறது.

கீழே மூடி போட்ட 60 லிட்டர் தொட்டி. மேலே 90 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டு, அதில் சுட்ட களிமண் உருண்டைகள். டைமர் மோட்டாரைப் போட்டதும் உரத்தண்ணீர் அடியிலிருந்து மெதுவாக ஏறும். உருண்டைகளின் மேல்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு வழிகுழாய் இருக்கிறது. அதற்கு மேல் ஏறும் தண்ணீர் அதில் விழுந்து தொட்டிக்கே போய்விடும். மோட்டார் நின்றதும், ஏறி வந்த குழாய் வழியாகவே மொத்தத் தண்ணீரும் இறங்கும். அப்போது பக்கத்தில் நின்றால் உருண்டைகளுக்குள் சலசலவென்று ஒரு சத்தம் கேட்கும். தண்ணீர் விட்டுப்போன இடத்தில் காற்று புகும் சத்தம் அது. வேருக்குத் தேவையான ஆக்ஸிஜன் அப்படித்தான் வந்து சேர்கிறது.

வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். என் தட்டில் தண்ணீர் 12 சென்டிமீட்டர் ஏறுகிறது. தட்டு காலியாக இருந்தால் அதற்கு 65 லிட்டர் பிடிக்கும். உருண்டைகள் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்வதால் 30 லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. தொட்டி குறைந்தது அதைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டு நிறையும்போது தொட்டி வற்றி, மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும்.

உருண்டைகளைப் போடுவதற்கு முன் நன்றாக அலசுங்கள். நான் மூன்று தடவை அலசியும் செம்மண் தூள் போய் மோட்டாரின் வடிகட்டியை அடைத்தது. சரளைக்கல்லிலும் இதே வேலையைச் செய்யலாம். 1945இல் அட்லாண்டிக் கடலில் உள்ள அசென்ஷன் தீவில் அமெரிக்க ராணுவம் காய்கறி விளைவித்தது சரளைப் படுகைகளில்தான். ஆனால் சரளையின் எடையை வீட்டில் ஒரு மேசை தாங்குவது கஷ்டம். பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணை மிதக்கும், அதனால் இந்த முறைக்கு அது சரிவராது.

என் டைமர் பழைய மாதிரி, வட்டமாகச் சுற்றுவது. குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். தட்டு ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிடும், மீதி நேரம் வழிகுழாயில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பகலில் நான்கு தடவை, வெயில் காலத்தில் ஆறு தடவை, இரவில் கிடையாது. நாற்றை நட்ட முதல் பத்து நாள் மட்டும் வேர் தண்ணீர் ஏறும் மட்டத்தை எட்டியிருக்காது என்பதால் மேலிருந்து கையால் ஊற்றுகிறேன். மின்சாரம் போனால் டைமர் அத்தனை நேரம் பின்தங்கிவிடும், வந்ததும் சரி செய்ய வேண்டும். மின்சாரம் வர நேரமானால் ஒரு குவளையால் மொண்டு ஊற்றினாலே செடி தாக்குப் பிடிக்கும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

முதல் பெரிய அடி ஏழாவது மாதத்தில் விழுந்தது. ஒரு மிளகாய்ச் செடியின் வேர் வழிகுழாய்க்குள் புகுந்து, உள்ளேயே கற்றையாக வளர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் தரையெல்லாம் உரத்தண்ணீர், தொட்டி காலி, வெறுமனே ஓடிய மோட்டார் எரிந்து போயிருந்தது. குழாயைக் கழற்றி இழுத்தபோது என் முழங்கை நீளத்துக்கு வெள்ளை வேர் வந்தது. அமைப்போடு வந்த வழிகுழாய் ஏற்றுக் குழாயின் அளவிலேயே இருந்தது பெரிய குறை, அது இன்னும் பருமனாக இருந்திருக்க வேண்டும். இப்போது இரண்டு வழிகுழாய்கள் வைத்திருக்கிறேன். இரண்டையும் சுற்றித் துளை போட்ட அகலமான உறைக்குழாய் இருக்கிறது, உருண்டையும் வேரும் அதைத் தாண்டுவதில்லை. மாதம் ஒரு முறை உறையைத் தூக்கி உள்ளே பார்க்கிறேன்.

இரண்டாவது அடி, தண்ணீரின் அமில, கார அளவைக் காட்டும் பி.எச். மீட்டரால் வந்தது. புதுத்தளிர் எல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். மீட்டர் 5.9 காட்டியது, இருக்க வேண்டிய 5.5 முதல் 6.5க்குள்தான். அதனால் இரும்புச் சத்தைக் கூட்டினேன், பலனில்லை. இன்னும் கூட்டினேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் மீட்டரைச் சரிபார்க்க விற்கும், பி.எச். சரியாக 7.0 உள்ள கரைசலில் அதை வைத்தேன், 6.1 என்றது. அப்படியென்றால் தொட்டியின் உண்மையான அளவு 6.8 பக்கம் இருந்திருக்கிறது. இரும்பு தண்ணீரில் நிறைய இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை. மீட்டரின் நுனியை உலரவிட்டது என் தவறு. அதற்கென்று இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்தபடியே வைக்க வேண்டும். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 4.0, 7.0 கரைசல்களில் சரிபார்க்கிறேன். செடி வேகமாக வளரும் நாட்களில் நைட்ரேட்டை அதிகம் உறிஞ்சுவதால் பி.எச். தானாக ஏறும், அது இயல்பு. பாஸ்பாரிக் அமிலம் சில சொட்டு விட்டு இறக்கிவிடுவேன்.

தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை வைத்து அதில் கரைந்திருக்கும் உரத்தின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டரைப் படிப்பது சுலபம். நாற்றுக்கு 1.0, இலை விரியும்போது 1.6, காய்க்கும்போது 2.0 முதல் 2.2 மில்லிசீமன்ஸ். அடுத்த நாள் அளவு ஏறியிருந்தால் செடி தண்ணீரை அதிகமாகக் குடித்திருக்கிறது, வெறும் தண்ணீர் சேர்த்தால் போதும். இறங்கியிருந்தால் உரம் பற்றவில்லை. கரைசலை 10 முதல் 14 நாளுக்குள் மொத்தமாக மாற்றிவிடுகிறேன். உரத்தை நீங்களே கலப்பதாக இருந்தால் கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்ஃபேட்டையும் கெட்டிக் கரைசலாக ஒரே பாட்டிலில் ஊற்றாதீர்கள். ஜிப்சமாகத் திரிந்து அடியில் வண்டலாகிவிடும்.

கோடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் 20 டிகிரியில் இருக்கும்போது ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேருக்குத் தேவை கூடும், கிடைப்பதோ குறையும். முதல் கோடையில் என் தொட்டி 29 டிகிரியைத் தொட்டது. ஒரு செடி மதியம் வாடும், மாலையில் நிமிரும். வெயில்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். பிறகு உருண்டைகளைத் தள்ளிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாக, வழவழவென்று இருந்தது. விரலால் உருவினால் மேல்தோல் கழன்று, நடுவில் நூல் மட்டும் நின்றது. வேரழுகல். அந்தச் செடி போய்விட்டது, அப்புறம் பக்கத்துச் செடியும் போனது. ரொம்ப வருத்தமாக இருந்தது, இரண்டுமே பிஞ்சு விட்டிருந்தன. அதன் பிறகு தொட்டியை நிழலுக்கு மாற்றி, வெள்ளைத் தகடு சுற்றி, உச்சி வெயில் நாட்களில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை உள்ளே போடுகிறேன். 24 டிகிரியைத் தாண்ட விடுவதில்லை. அடுத்து வந்த கோடையில் வேரழுகல் வரவில்லை.

தக்காளி, லெட்யூஸ் (சாலட் கீரை) இரண்டையும் முயன்றேன். தக்காளியின் வேர் தட்டு முழுக்கப் பாயாகப் பின்னி வடிதலை மந்தமாக்கியது. லெட்யூஸ் நன்றாக வந்தது, ஆனால் அதற்கு இ.சி. 1.0 பக்கம் போதும், மிளகாயோடு ஒரே தொட்டியில் இருக்க முடியாது. அதனால் இப்போது மிளகாய் மட்டும்தான்.

ஒரு போகம் முடிந்ததும் உருண்டைகளில் சிக்கிய வேர்த் துணுக்குகளை எடுப்பது அலுப்பான வேலை, எனக்கு அரை நாள் ஆகிறது. விட்டால் அது அழுகி அடுத்த செடிக்கு வினையாகும். நல்ல வேளையாக மிளகாய் பல வருடம் நிற்கும் செடி. போன வருடம் கவாத்து செய்த மூன்று செடிகளில் இப்போது புதுக்கிளை விட்டுப் பூ வந்திருக்கிறது. இன்று காலை வழிகுழாய் உறையைத் தூக்கிப் பார்த்தேன், உள்ளே வேர் இல்லை.