‘பி.பி. ஸ்ரீனிவாஸ் ஹிட்ஸ்’ பென் டிரைவ் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மொபைல் கடைகளில் பழைய பாடகர்களின் படம் போட்ட பென் டிரைவ் சரம் சரமாகத் தொங்குகிறது. அதில் ஒன்றை 650 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இதே சரக்கு பல கடைகளில் இருக்கிறது, எல்லாவற்றிலும் ஒரே ஸ்டிக்கர்தான். அதனால் சரக்கைப் பற்றியே சொல்கிறேன்.

அட்டையில் தலையில் குல்லா, சட்டைப் பையில் வரிசையாகப் பேனாக்கள் என்று பி.பி.எஸ். சிரிக்கிறார். மேலே ‘காலத்தால் அழியாத 300 பாடல்கள்’, கீழே ‘ஒரிஜினல் ஸ்டீரியோ, 320 கேபிபிஎஸ்’. வாங்கியது என் மாமனாருக்கு. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். பெங்களூரா காய் முற்றும் சமயத்தில் ராத்திரிக் காவலுக்குக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார், துணைக்கு ஒரு ஸ்பீக்கர். அதில் பி.பி.எஸ். தவிர வேறு யாரும் பாடக் கூடாது.

முதலில் ‘மயக்கமா கலக்கமா’ போட்டேன். பல்லவி முடிவதற்குள் மாமா நிமிர்ந்து பார்த்தார். “இது சீனிவாசு இல்ல மாப்ளே, யாரோ பையன் பாடறான்.”

பையன்தான். தபேலா வர வேண்டிய இடத்தில் கீபோர்டு தாளம், வயலின்களுக்குப் பதில் அதே கீபோர்டின் இன்னொரு பட்டன். 1962-ல் ‘சுமைதாங்கி’க்காகப் பாடிய பாட்டு அது. சினிமாவே வேண்டாம் என்று ஊர் திரும்ப இருந்த வாலி, அதைக் கேட்டுத்தான் மனம் மாறியதாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தப் பையன் பாடியதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பார்.

பழைய பாட்டை வேறொருவர் மறுபடி பாடி விற்பது தப்பில்லை, அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31சி பிரிவு ஒரு நிபந்தனை போடுகிறது: இது கவர் பாடல் என்று அட்டையிலேயே சொல்ல வேண்டும், முதலில் பாடியவரின் பெயரோ படமோ அட்டையில் இருக்கக் கூடாது. நான் வாங்கியதில் படம், பெயர் இரண்டும் பெரிதாகவே இருந்தன. கவர் என்ற சொல்லைக் கண்ணாடி போட்டுத் தேடினாலும் காணோம்.

சரி, மீதியாவது நன்றாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். ‘வாடிக்கை மறந்ததும் ஏனோ’ வந்தது. அப்புறம் ‘தனிமையிலே இனிமை காண முடியுமா’. இரண்டும் ஏ.எம். ராஜா பாடியவை. ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘ஆடிப்பெருக்கு’ (1962) இரண்டுக்கும் இசையும் அவரே. ‘எங்கிருந்தாலும் வாழ்க’வும் உள்ளே இருந்தது, அது ஏ.எல். ராகவன், ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. குரல் கொஞ்சம் மென்மையாக இருந்தால் எல்லாம் பி.பி.எஸ். கணக்கில் போலிருக்கிறது.

ராஜா பாட்டு எப்படி உள்ளே வந்தது என்று யூகிக்க முடிகிறது. தொகுத்தவர் காதால் தொகுக்கவில்லை, முகத்தால் தொகுத்திருக்கிறார். ஜெமினி கணேசன் வாயசைத்தால் பி.பி.எஸ். என்று முடிவு கட்டிவிட்டார். ஐம்பதுகளில் ஜெமினிக்கு ராஜாதான் குரல், அறுபதுகளில்தான் அந்த இடத்துக்கு பி.பி.எஸ். வந்தார். ராஜாவின் குரலில் ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு, பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். பி.பி.எஸ். அதைவிடக் கீழே, நெஞ்சுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பாடுவார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொகுத்தவர் ஒருமுறைகூடக் கேட்டதாகத் தெரியவில்லை.

முகத்தைப் பார்த்துத் தொகுத்ததில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஜெமினி இல்லாத பாட்டுகள் விட்டுப்போய்விட்டன. ‘பாசம்’ படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடிய ‘பால் வண்ணம் பருவம் கண்டு’ இல்லை. ‘வீரத்திருமகன்’ படத்தின் ‘ரோஜா மலரே ராஜகுமாரி’ இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் பி.பி.எஸ். ஹிட்ஸ் என்று ஒருவர் பெயர் வைக்கிறார் என்றால் அந்தத் துணிச்சலை என்ன சொல்ல! 300 என்ற எண்ணிக்கைக்கு மட்டும் குறை வைக்கவில்லை. ‘காலங்களில் அவள் வசந்தம்’ ஒரே பாட்டு, ‘காலங்களில்’, ‘அவள் வசந்தம்’, ‘பாவமன்னிப்பு சாங்’ என்று மூன்று பெயரில் மூன்று கோப்பு.

இனி சத்தத்தின் தரம். எனக்கு அதிகம் வயிறெரிந்தது இதில்தான். ஒரிஜினல் ஸ்டீரியோ என்பதே புளுகு. இந்தப் பாட்டுகள் எல்லாம் மோனோவில், அதாவது ஒரே தடத்தில் பதிவானவை. ஒரு பக்கம் கீச்சுக் குரலும் இன்னொரு பக்கம் கனத்த குரலும் வருகிற மாதிரி பிரித்துவிட்டு அதற்கு ஸ்டீரியோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 320 கேபிபிஎஸ், அதாவது ஒரு நொடிப் பாட்டுக்கு ஒதுக்கும் தகவலின் அளவு, அதுவும் அப்படித்தான். அந்தத் தரத்தில் நிமிடத்துக்கு 2.4 எம்பி பிடிக்கும், மூன்றரை நிமிடப் பாட்டு 8 எம்பியைத் தாண்ட வேண்டும். இங்கே பாதிக்கு மேல் 3 எம்பி சொச்சம், அதாவது 128. சில கோப்புகள் 8 எம்பி காட்டின. அதை வைத்து நம்பிவிடாதீர்கள். 128-ல் இருந்ததை 320 ஆக மாற்றினால் கோப்பு வீங்குமே தவிர, போன சத்தம் திரும்பி வராது.

அதைவிட மோசம், இரைச்சலை நீக்குகிறேன் என்று செய்த வேலை. ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். பி.பி.எஸ். ஒரு வரியை முடிக்கும்போது கடைசி எழுத்தை அழுத்த மாட்டார், மூச்சோடு மெதுவாகக் கீழே விடுவார். அந்த மூச்சுதான் அவர் பாட்டின் உயிர். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு இசைத்தட்டின் ‘ஸ்ஸ்’ஸும் அவர் மூச்சும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து வழித்துவிடுகிறது. வரி முடியும் இடமெல்லாம் கத்தரித்த மாதிரி நிற்கிறது. நடுவில் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கொழகொழப்பு வேறு. இதற்கு ஊசி கீறும் சத்தத்தோடு இருக்கும் பழைய பதிவே மேல்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் தம்பி கோபப்படவே இல்லை. “பாட்டு ஃப்ரீண்ணா. பென் டிரைவுக்குத்தான் காசு. டிரைவ் வேலை செய்யுதில்ல?” என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால், கேட்டு வாங்கிய பில்லிலும் ‘பென் டிரைவ் 16 ஜிபி, 650’ என்று மட்டும்தான். பாட்டு விற்றதாக ஒரு எழுத்து இல்லை. தற்செயலாக இப்படி எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. வேண்டுமானால் அழித்துவிட்டு இளையராஜா போட்டுத் தருகிறேன் என்றார், அதுவும் ஃப்ரீயாம்.

அட்டையைத் தூக்கிப் போடாமல் முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில்லில் என்ன இருந்தாலும் அட்டையில் அச்சடித்தது விளம்பரம்தானே. பதில் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. 650 ரூபாய்க்காக அங்கே போவதா என்று வீட்டில் சிரிக்கிறார்கள், பார்க்கலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையை நிரப்பக் கடைசியில் ஒரு கன்னட ஃபோல்டரைத் திணித்திருந்தார்கள், எல்லாம் ராஜ்குமார் படப் பாட்டு. 1974-ல் ‘சம்பத்திகே சவால்’ படத்திலிருந்து ராஜ்குமார் தொடர்ந்து தானே பாட ஆரம்பிக்கும் வரை அவருக்குப் பெரும்பாலும் பி.பி.எஸ்.தான் குரல். அந்த ஃபோல்டரில் யாரும் கை வைக்கவில்லை, இரைச்சல், மூச்சு எல்லாம் அப்படியே இருக்கிறது. எல்லைப் பக்கத்து ஆள் என்பதால் மாமாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, அதை மட்டும் கேட்கிறார். தமிழ்ப் பாட்டு விரும்பி வாங்குகிறவருக்கு இது சமாதானம் ஆகாது.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அதே ஸ்டிக்கரில் டி.எம்.எஸ்., சீர்காழி கோவிந்தராஜன் இருவரும் வந்திருந்தார்கள். வாங்குவதாக இருந்தால் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு பாட்டைக் கேட்டு ஏமாறாதீர்கள், பட்டியலின் நடுவிலிருந்து நீங்களே ஒன்றைத் தேர்ந்து ஒரு வரி முடியும் வரை கேளுங்கள். பில்லில் ‘பாடல்களுடன்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் காசுக்கு வெறும் பென் டிரைவ் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் இதைவிட மலிவாகக் கிடைக்கும்.