வாசலில் குறையும் கட்டணம், திரும்பி வரும் கட்டணம், கடன்: மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் ஒப்பீடு

மே மாதம் வந்தால் என் கடையில் நிற்க இடம் இருக்காது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷினை வைத்து 11 வருஷமாக நெட் சென்டர் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே தேவனாம்பட்டினம், தாழங்குடா, நெல்லிக்குப்பம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஆற்றைத் தாண்டி கன்னியக்கோயில், பாகூரிலிருந்து புதுச்சேரிப் பிள்ளைகளும் வருவதுண்டு. கூடவே அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். சர்வர் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேச்சு தொடங்கும். எவ்வளவு கட்டணும், கட்டினது திரும்ப வருமா, லோன் கிடைக்குமா: மூன்று கேள்வியும் எல்லோரிடமும் இருக்கும்.

உயர்கல்விக்கு அரசு பணம் போடுகிற வழிகளும் இந்த மூன்றுதான். கட்டணத்தை வாசலிலேயே குறைத்துவிடலாம். முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, தகுதி உள்ளவர்களுக்கு உதவித்தொகையாகத் திருப்பிக் கொடுக்கலாம். இல்லையென்றால் வங்கியைக் கைகாட்டிவிடலாம். எனக்கு முதல் வழிதான் சரி என்று படுகிறது. அதற்கு எதிராக என் கடையில் கேட்ட நியாயமான பேச்சுகளும் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

சிதம்பரத்தில் பார்த்தது

முதல் வழிக்கும் மற்ற வழிகளுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடும் பண நெருக்கடியில் சிக்கி, 2013-ல் தமிழக அரசு தனிச்சட்டம் போட்டு அதை எடுத்துக்கொண்டது. அப்போது அங்கே 12,000 பேருக்கு மேல் ஊழியர்கள் இருந்தார்கள். தேவைக்கு மேல் இருந்தவர்களில் பலரைப் பணி நிரவல் செய்து மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. ஆனால் அதே வளாகத்தில் இருக்கும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாய் என்றே நின்றது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதே படிப்புக்கு அப்போது 13,610 ரூபாய். நான்கு ஆண்டு என்று பிடித்தாலே ஒரு பக்கம் 21 லட்சத்து 76 ஆயிரம், இன்னொரு பக்கம் 54,440. அதே நீட் தேர்வை எழுதி, அதே அரசின் கீழ் வந்த பிள்ளைகள் இவர்கள்.

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஐம்பது நாளுக்கு மேல் நடந்தது. நடுவில் காலவரையற்ற விடுமுறை அறிவித்து, விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், பிள்ளைகள் போகவில்லை. 2021 ஜனவரி கடைசியில் கல்லூரியை உயர்கல்வித் துறையிலிருந்து சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. அடுத்த மாதமே எம்.பி.பி.எஸ்.-க்கு 13,610, பல் மருத்துவத்துக்கு 11,610 என்று மற்ற அரசுக் கல்லூரிக் கட்டணமே இங்கும் ஆனது.

அந்த நாட்களில் என் கடையில் இதைப் பற்றி நடக்காத வாதம் இல்லை. வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர் ஒருவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நீட் கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டினவன் பிள்ளைதாம்மா பெரும்பாலும் அந்த சீட்டில் உட்கார்றான். அவனுக்கு ஏன் என் வரிப்பணத்துல 13,610-க்குப் படிப்பு?"

கட்டணக் குறைப்புக்கு எதிராக நான் கேட்டதிலேயே கனமான கேள்வி இதுதான். ரொம்ப நாள் யோசித்தேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. கோச்சிங் போகும் வசதி இருக்கிறவர்களுக்கு அந்த வாசல் சுலபமாகத் திறக்கிறது. ஆனால் கட்டணத்தை ஏற்றினால் அந்தப் பிள்ளை வெளியே போகாது. வேறு வழியில் கட்டிவிடும். வெளியே போவது, எப்படியோ மார்க் எடுத்துவிட்ட தாழங்குடா மீனவர் வீட்டுப் பிள்ளைதான். வாசலை இன்னும் சமமாக்க வேண்டுமென்றால் அதற்கு வேறு கருவி இருக்கிறது. 2020-ல் மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அப்படி ஒன்று. வசதியான டாக்டரிடம் வாங்க வேண்டியதை அவர் சம்பாதிக்கும்போது வருமான வரியில் வாங்கிக்கொள்ளலாம். பதினெட்டு வயதில் கவுண்டரில் நிற்கும்போது வாங்க வேண்டாம்.

வரிப்பணம் என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. படகுக்கு டீசல் போடுகிறவர், சோப்பு வாங்குகிறவர், செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிறவர் எல்லோரும் வரி கட்டுகிறார்கள். பிடித்தம் சம்பளச் சீட்டில் தெரிகிறவர்கள் மட்டும் கட்டுவதாக நினைப்பது சரியில்லை.

கலைக் கல்லூரி என்றால் இன்னும் எளிது. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு 2007-08-லேயே கல்விக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். சேர்க்கை விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் இப்படிச் சேர்ந்து முதல் பட்டதாரி ஆன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. யாரும் எந்தச் சான்றிதழுக்கும் மாதக்கணக்கில் அலையவில்லை.

திரும்பி வரும் என்கிற பணம்

இரண்டாவது வழியை ஆதரிப்பவர்கள் சொல்வது காதுக்கு நியாயமாகவே இருக்கும். இல்லாதவனுக்கு மட்டும் கொடுப்போம், இருக்கிறவன் கட்டட்டும். காகிதத்தில் இதைவிடச் சரியான கணக்கு கிடையாது. அந்தக் காகிதத்தோடுதான் நான் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய் கட்டினால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேஜையாகப் போகும். அப்புறம் சாதிச் சான்று, பேங்க் பாஸ்புக், கல்லூரியின் சான்று. வங்கிக் கணக்கில் ஆதார் சேர்ந்திருந்தாலும் போதாது; உதவித்தொகை வரும் கணக்கோடு அது சீடிங் ஆகியிருக்க வேண்டும், அதாவது அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்று பதிவாகியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்து பணம் வரும்போது, கல்லூரி பீஸ் கேட்ட தேதி எப்போதோ போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், மீனவர் வீட்டுப் பிள்ளை, ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் சேர்ந்தாள். உதவித்தொகை வரும் என்று சேரும்போது சொன்னார்கள். செமஸ்டர் தேர்வுக்கு முன்னால், மீதிப் பணம் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்றார்கள். அவள் அம்மா என் கடையில் உட்கார்ந்து, "வரும்னு சொன்னாங்களே தங்கச்சி, எப்ப வரும்னு பார்த்துச் சொல்லேன்" என்று கேட்டார். ஸ்டேட்டஸ் பார்த்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கட்டினார்கள். ஏழு மாதம் கழித்துப் பணம் வந்தது உண்மை. அந்த ஏழு மாத வட்டி எந்தத் திட்டத்திலும் வராது.

மீனவர் வீடுகளுக்கு இதில் இன்னொரு கஷ்டம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கல்லூரி சேர்க்கைக்குப் பணம் கேட்கும் காலமும் அதுதான். முன்னால் கட்டு, பின்னால் வாங்கிக்கொள் என்று அவர்களிடம் சொல்வது, படகு கரையில் நிற்கும்போது வந்து மீன் கேட்பது போல.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தைக் குறைக்கும் முதல் பட்டதாரிச் சலுகையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, யாருக்கு எடுப்பது என்று அப்பா யோசித்ததை நான் பார்த்திருக்கிறேன். தம்பி இன்ஜினியரிங் போவான் என்று அக்காவைக் கலைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை.

புதுச்சேரிப் பக்கம் இந்த வழியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். அங்கே கல்லூரிச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் அமைப்பு மூலம் தொழிற்கல்விக்குப் போகும் மாணவர்களுக்குப் பெருந்தலைவர் காமராஜர் நிதியுதவித் திட்டத்தில் அரசு பணம் தருகிறது. நல்ல எண்ணத்தில் வந்த திட்டம். எத்தனையோ வீடுகளைத் தூக்கிவிட்டது. ஆனால் நிதி தாமதமாகும்போது அரசுக்கும் கல்லூரிக்கும் நடுவில் நசுங்குவது மாணவர்தான். பாகூர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதும் "அக்கா, இந்த வருஷப் பணம் எப்ப வரும்?" என்றுதான்.

இந்த வழியில் நன்றாக ஓடுவது என்று நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போகும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். பணம் வீட்டைச் சுற்றிவிட்டுப் போவதில்லை. அதனால் அடகுக்கடைக்குப் போக வேண்டிய வேலையும் இல்லை. தனியார் கல்லூரி என்றால் அரசுக் கல்லூரி அளவுக்கு வாசலில் கட்டணத்தைக் குறைக்க அரசால் முடியாது. அங்கே இப்படிச் செய்வதே அடுத்த நல்ல வழி.

கடன்

கல்விக் கடனைப் பற்றி வங்கி விளம்பரம் சொல்லாததை ஒரு கணக்கு சொல்லிவிடும். 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். நாலு வருஷப் படிப்புக்கு வருஷம் 1 லட்சம் வாங்குவதாகவும் வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் தனி வட்டியே 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். 5.4 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்தால் தவணை 5,300 அளவுக்கு இறங்கும். சிப்காட்டிலோ சென்னையிலோ 15,000 சம்பளத்தில் வேலையைத் தொடங்கும் பிள்ளைக்கு, ரூம் வாடகையும் சாப்பாடும் போக அதுவும் பாரம்தான்.

ஆஸ்திரேலியாவில் 1989-லிருந்து வேறு மாதிரி செய்கிறார்கள். படித்து முடித்து, சம்பளம் ஒரு அளவைத் தாண்டிய பிறகுதான், வரித் துறை வழியாகப் பிடித்தம். வேலை இல்லாத வருஷத்தில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் ஊரில் பாதிப் பேரின் சம்பளம் கையில் ரொக்கமாக வருகிறது. வரித் துறையின் கணக்கில் அது ஏறுவதே இல்லை. இங்கே அதை எப்படி வசூலிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

போராடியதும் எழுதிக் கொடுத்ததும்

பெற்றோரில் பெரும்பாலோர் போராட்டத்தை வேண்டாம் என்கிறார்கள். கேஸ் விழுந்தால் வேலை போய்விடும் என்ற பயம். சிதம்பரத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் பழையது; 1965 மொழிப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் ராஜேந்திரனின் சிலை அங்கேயே நிற்கிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மருத்துவக் கல்லூரி விஷயத்தில் ஏழு வருஷம் மனு கொடுத்து நகராதது ஐம்பது நாளில் நகர்ந்தது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்காது என்பதற்குப் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு உதாரணம். 2020 தொடக்கத்தில் அந்த மாணவர்களும் கட்டண உயர்வை எதிர்த்தும், எல்லாப் படிப்பிலும் புதுச்சேரி மாணவர்களுக்கு 25 சதவீத இடம் கேட்டும் போராடினார்கள். அது மத்தியப் பல்கலைக்கழகம். பணம் டில்லியிலிருந்து வருகிறது. புதுச்சேரி முதல்வர் நினைத்தாலும் ஓர் அரசாணையில் கட்டணத்தைக் குறைக்க முடியாது. சிதம்பரத்தில் மாணவர்கள் கேட்ட அரசும், கையெழுத்துப் போட வேண்டிய அரசும் ஒன்றாகவே இருந்தன. போராடப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, யாருடைய கையெழுத்து வேண்டும் என்பதைத்தான்.

கட்டணம் குறைந்தால் போதுமா என்று கேட்டால், போதாது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள்தான் பல வகுப்புகளைத் தாங்குகிறார்கள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள், பணி நிரந்தரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள். அவர்களில் ஒருவர் என் கடைக்கு பயோடேட்டா பிரிண்ட் எடுக்க வருவார். கட்டணம் இல்லாத வகுப்பில் வாத்தியாரும் இல்லாவிட்டால், பிள்ளைகளைத் தனியார் கல்லூரிக்குத் தள்ளுவது நாம்தான். திருப்பித் தரும் திட்டங்களின் பரிசீலனைக்கும் சரிபார்ப்புக்கும் போகிற காசையும் ஆளையும் முதலில் இந்த இடங்களை நிரப்பத் திருப்பிவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

போன வாரம் தாழங்குடாவிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். தடைக்காலம், வலை பின்னும் வேலைதான் ஓடுகிறதாம். கையில் ஒரு தனியார் கல்லூரியின் நோட்டீஸ், அதில் "கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "இது சரியா வருமாம்மா?" என்றார். எந்தத் திட்டத்தில், எந்த மாதத்தில், யார் கணக்குக்கு வரும் என்று கல்லூரியில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், அதுவரை முன்பணம் கட்டாதீர்கள் என்றேன். மகளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, 50 ரூபாயில் அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைத் திறந்தேன். விருப்பப் பாடம் கேட்டபோது, அப்பாவைப் பார்க்காமலேயே கணிதம் என்றாள்.