இலக்கணமா, பானை ஓடா?

பழங்கால கிரேக்கத்தையும் ரோமையும் இங்கிலாந்தில் படிக்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் மூன்று படிப்புகளின் முன்னால்தான். ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு, கேம்பிரிட்ஜில் ஒன்று. இளங்கலைக்கு ஒரே ஆண்டில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டின் கிளாசிக்ஸ், அதாவது பழங்கால கிரேக்க, ரோமானிய மொழி, இலக்கிய, வரலாற்றுப் படிப்புக்கு அங்கே ‘லிட்டரே ஹ்யூமனியோரெஸ்’ என்று பெயர். நான்கு ஆண்டு. முதல் கட்டம் மொழியையும் இலக்கியத்தையும் சுற்றியே போகும். தத்துவம், வரலாறு, தொல்லியல் என்று விருப்பம்போல் பிரிந்து போவதெல்லாம் அப்புறம்தான். பள்ளியில் லத்தீன் படிக்காதவர்களுக்கும் தனி வழி உண்டு. ஆனால் அகராதியோடு குடித்தனம் நடத்தும் பொறுமை வேண்டும்.

அதே ஊரில் இன்னொன்று, கிளாசிக்கல் ஆர்க்கியாலஜியும் (கிரேக்க, ரோமானியத் தொல்லியல்) பண்டைய வரலாறும் சேர்ந்த மூன்றாண்டுப் படிப்பு. மொழி கட்டாயமில்லை. முதலாண்டு முடிந்ததும் குறைந்தது இரண்டு வாரம் அகழாய்வுக் களத்தில் வேலை. பிறகு ஓர் இடத்தையோ அருங்காட்சியகத் தொகுப்பையோ எடுத்துக்கொண்டு தனி அறிக்கை எழுத வேண்டும். கிரீட் தீவின் நாசோஸ் அரண்மனையை 1900இல் தோண்டத் தொடங்கிய ஆர்தர் ஈவான்ஸ் காப்பாளராக இருந்த ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் நடந்து போகிற தூரத்தில். மண்ணில் கை வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் சரி என்று தோன்றும்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பானை ஓடுகளும் மொழி பேசும். அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலரின் அகழாய்வில் கிடைத்த இத்தாலிய மண்கலங்களில் இருந்த முத்திரைகள் லத்தீன். முசிறிக்கு வந்துபோன கப்பல்களைப் பற்றிச் சொல்லும் பெரிப்ளூஸ் என்ற பழைய கடல்வழிக் கையேடு கிரேக்கம். மொழியை விட்டுவிட்டால் பிற்பாடு முனைவர் பட்டத்துக்குப் போகும்போது பல கதவுகள் திறக்காது.

இந்த இடத்தில்தான் கேம்பிரிட்ஜ் முந்துகிறது. லத்தீன் தெரியாதவர்களுக்கென்றே நான்காண்டு கிளாசிக்ஸ் படிப்பு வைத்திருக்கிறார்கள். முதலாண்டில் அரிச்சுவடியிலிருந்து லத்தீன், அடுத்த ஆண்டு கிரேக்கம். இறுதியாண்டில் கலை, தொல்லியல் பக்கம் முழுசாகச் சாய்ந்துவிடலாம். துறைக் கட்டடத்திலேயே நானூறுக்கும் மேற்பட்ட பிளாஸ்டர் நகல் சிற்பங்கள் உள்ள அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஏதென்ஸ் நகரத்துக் கன்னிச் சிலை ஒன்றின் நகலுக்கு, அந்தக் காலத்தில் இருந்ததுபோல, பளிச்சென்று வண்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளைப் பளிங்கையே கிரேக்கம் என்று நம்பி வந்தவர்கள் திகைப்பார்கள். கோபுரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் பெரிய ஆச்சரியமில்லை.

லத்தீன் வாசனையே இல்லாத நம் பள்ளிகளிலிருந்து போகிற ஒருவருக்கு என் ஓட்டு கேம்பிரிட்ஜுக்குத்தான். ஒரே சிக்கல் பணம். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தில் நான்காவது ஆண்டு சின்னச் செலவு இல்லை. அது கட்டுப்படியாகாவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்து, கிரேக்கத்தையோ லத்தீனையோ விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.